பிடித்து விடுவதற்காக ஒரு மீன்

காரைக்குடி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஹேசல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பூட்ஸைக் கழுவ இங்கே எங்கே தண்ணீர் கிடைக்கும்?" என்பதுதான். காபி கேட்பாள், கழிப்பறை கேட்பாள் என்று இரண்டுக்கும் பதில் வைத்திருந்த நான் முழித்தேன். பூட்ஸ் பெட்டிக்குள் இருந்தது. நியூசிலாந்தில் கிளம்பும்போதே சோப்புப் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் காயவைத்து மூடிய பூட்ஸ். "இருந்தாலும் தண்ணீரில் இறங்கும் முன்னால் இன்னொரு தடவை," என்றாள். ஓர் ஆற்றின் பாசி பூட்ஸில் ஒட்டிக்கொண்டு இன்னோர் ஆற்றுக்குப் போய்விடக் கூடாதாம். அவள் நாட்டில் அப்படித்தான் ஒரு பாசி ஆறு ஆறாகப் பரவி, கற்களையெல்லாம் கம்பளி போர்த்தியதுபோல மூடிவிட்டது.

ஹேசல் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் நியூசிலாந்தின் தென் தீவில் ஒரு பால்பவுடர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நான் குடியிருக்கும் வாடகை வீட்டில் அடுத்த அறைக்காரி அவள். நர்ஸ். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பத்து வயதிலிருந்து ட்ரௌட் மீன் பிடிக்கிறவள். பிடிக்கிறவள் என்றால், பிடித்து விட்டுவிடுகிறவள். அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றி இரண்டு வருஷம் ஆகிறது. நிலப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட நான் ஊருக்குக் கிளம்பியபோது, "உங்கள் ஊரில் தண்ணீர் உண்டா?" என்று கேட்டாள். கண்மாய் உண்டு என்றேன். மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தூண்டிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நம் ஊர்த் தூண்டிலில் புழு இருக்கும், அதைக் கொண்டுபோக ஈயக்குண்டு இருக்கும். இதில் குண்டு கிடையாது, புழுவும் கிடையாது. சேவல் கழுத்து இறகையும் மயில்பீலி இழையையும் நூலால் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு முள், அவ்வளவுதான். கனமெல்லாம் கயிற்றில். நான்கு துண்டாகக் கழற்றும் தூண்டில் கம்பை, அதாவது ராடை, முன்னும் பின்னும் வீசினால் கயிறு காற்றில் சுருண்டு நீளும். கடைசியில் பூச்சி மட்டும், தானாகப் பறந்து வந்து விழுந்த மாதிரி தண்ணீரில் இறங்கும். சரியாக விழுந்தால் அதைவிட அழகு உலகத்தில் இல்லை. எனக்குச் சரியாக விழுவது பத்துக்கு மூன்று. மீதி ஏழு என் தொப்பியில், அல்லது பின்னால் நிற்கும் மரத்தில்.

நியூசிலாந்துக்குப் போன புதிதில் மீன்கடையில் ட்ரௌட் கேட்டேன். திருட்டுச் சாமான் கேட்டவனைப் பார்ப்பதுபோலக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். அந்த நாட்டில் ட்ரௌட்டை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. உரிமம் எடுத்துப் பிடிக்கலாம், தின்னலாம், சும்மா கொடுக்கலாம். இத்தனைக்கும் அது அந்த நாட்டு மீனே இல்லை. குடியேறிய வெள்ளைக்காரர்கள் முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து விட்டது. அங்கேயே பிறந்த பொடிமீன்களைத் தின்று கொழுத்தது. வந்த மீனுக்கு இத்தனை மரியாதை, இருந்த மீனுக்கு ஏன் இல்லை என்று ஹேசலைக் கேட்டிருக்கிறேன். "எனக்கும் குழப்பம்தான்," என்பாள். "ஆனால் அது கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் திரும்புவதை நீயும் பார்த்திருக்கிறாயே."

பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வம்பு.

காரைக்குடியில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் சாப்பிட்டோம். ஹேசல் எட்டு பணியாரம் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கை நிற்கவில்லை. பக்கத்து மேசை அம்மாள் தன் புருஷனிடம், "அந்தப் புள்ள அழுகுதுங்க, யாரு என்ன சொன்னாகளோ," என்றார். "துவையலுதான் சொல்லிருக்கு, நீ சாப்புடு," என்றார் அவர்.

ஒக்கூர் பக்கம் போகும் பேருந்தில் ராடு வைத்த நீளக் குழாயைப் பார்த்துவிட்டு கண்டக்டர், "நாதசுரமா தம்பி?" என்றார். மீன் பிடிக்கிற கம்பு என்றேன். அவர் குழாயின் நீளத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊர் வந்ததும் பைகளையெல்லாம் எண்ணி இறக்கினோம். பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகுதான் ஹேசல் குழாய் இல்லாத தன் வெறும் கையைப் பார்த்தாள். பிறகென்ன, ஓர் ஆட்டோவைப் பிடித்து சிவகங்கை வரை துரத்தினோம். பேருந்து நிலையத்தில் கண்டக்டர் குழாயை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். "மூணு பேரு வந்து கேட்டாக, குடுக்கல. ஆனா நான் தொறந்து பாத்துட்டேன் தம்பி. உள்ள இம்புட்டு ஒல்லியா இருக்கு? இத வச்சு என்னத்தப் புடிப்பீக?" என்றார்.

நாங்கள் தங்கியது பெரியப்பா மகன் மாரிமுத்து அண்ணன் வீட்டில். என் பெற்றோர் திருப்பூருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. ஊரில் எனக்கு வீடு என்றால் இப்போது அண்ணனும் அவர் மனைவி ராசாத்தி மதினியும்தான். மதினி என்னைக் கிண்டல் செய்யாமல் ஒரு வாய் சோறு போட்டதில்லை. நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டே பொய்ப்பூச்சி டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"கொழுந்தனாரே, அந்த ஊருல சேவ எறகப் புடுங்கி மீனுக்குப் போட்டுட்டு, மீனையும் விட்டுட்டு, அப்பறம் என்னத்தத் திம்பீக?"

"ரொட்டி மதினி."

"அதான் இப்புடி இருக்கீக."

கண்மாய்ப் பேச்சு வந்ததும் மதினியின் முகம் மாறியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம்தான் தண்ணீர் நின்றிருக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் கண்மாய் அழி. அதாவது, தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஒரு காலையில் ஊர்த் தலைவரான அம்பலம் கரையில் நின்று துண்டை வீசுவார். வலையும் ஊத்தாவுமாக ஊரே உள்ளே இறங்கும். ஊத்தா என்பது அடியில்லாத கூடை. மீன் மேல் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கையைவிட்டு எடுக்க வேண்டும். அன்றைக்குப் பிடிக்கிற மீனை யாரும் விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைக்க வேண்டும், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளையார்பட்டியில் வாக்கப்பட்ட இரண்டு தங்கைகளையும் அவர்கள் மாப்பிள்ளைகளையும் மதினி அழைத்திருந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து தன் வீட்டு ஆட்களை அழிக்குக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஹேசல் எழுந்தே நின்றுவிட்டாள். "விற்கக் கூடாதா! எங்கள் சட்டம் இங்கே எப்படி வந்தது?"

சட்டத்தின் மறுபாதியை அண்ணன் சொன்னார். அழி வரைக்கும் கண்மாய் அடைப்பு. ஒருவரும் ஒரு மீன் எடுக்கக் கூடாது. எடுத்தால், அந்த வீட்டு ஆட்கள் அழியன்றைக்குக் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. என் யோசனைகள் எப்போதும் உடனே வருபவை. மறுநாள் காலை டீக்கடையில் அம்பலத்தைப் பிடித்தேன். ஐம்பது வயதுக்காரர், டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்.

"மீனு எடுக்கணுங்கிறீகளா?"

"இல்ல அம்பலம், எடுக்க மாட்டோம். புடிச்சு விட்டுருவோம்."

"எங்குட்டு விடுவீக?"

"அதே எடத்துல."

"அப்பறம் எதுக்குப் புடிக்கிறீக?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இங்கிலீஷில் நீளமான பதில் ஒன்று உண்டு. தமிழில் அது கிடையாது. "பொண்ணு பாத்து பஜ்ஜி தின்னுட்டு, கட்டாம வர்ற மாதிரி போல," என்றார் டீ ஆற்றியவர். கடையே சிரித்தது. அம்பலம் சிரிக்கவில்லை. அவருக்கு இது சட்டப் பிரச்சினை. அரை டம்ளர் டீ முடியும்வரை யோசித்தார்.

"எடுக்கக் கூடாதுங்கிறதுதான் கட்டு. விடுறதப் பத்திக் கட்டு இல்ல. சரி, போங்க. ஆனா ஒரு மீனு செத்து மெதந்துச்சுன்னாலும் மாரிமுத்து வீடு அழியன்னைக்குக் கரையிலதான். சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷத்தில் என் கையில் ஒரு ட்ரௌட் செத்ததில்லை. அந்தத் தைரியம்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்காம என்னைய வச்சுப் பந்தயம் கட்டிட்டு வந்துருக்கீக," என்றார் மதினி. கிண்டல் இல்லை. "எந் தங்கச்சி மாப்பிள்ளைகளக் கரையில நிறுத்தி வச்சு நான் என்ன மூஞ்சியோட நிப்பேன்? நானும் வாரேன். ஒங்கள நம்பி விட முடியாது."

கண்மாய்க்கு வந்ததும் ஹேசல் கரையில் உட்கார்ந்து பூட்ஸை மூன்றாம் முறையாகச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மாடு குளிப்பாட்ட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "செருப்பக் கழுவிட்டு எறங்குறாக பாரு, கண்மாய்க்கு என்னா மரியாத," என்றார் ஒருவர். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. கழுவிய பூட்ஸோடு அவள் இறங்கிய அதே துறையில்தான் லாரி கழுவுவார்கள்.

முதல் ஒரு மணி நேரம் மூன்று ஜிலேபிக் கெண்டை மட்டும் கடித்தது. மூன்றையும் ஈரக் கையால் எடுத்து விட்டோம். மதினிக்குப் பொறுக்கவில்லை. "ஜிலேபிய எதுக்கு விடுறீக? அது வெளியூரு மீனு. மத்த மீனு முட்டையெல்லாம் தின்னுப்புடும்."

"என்ன சொல்கிறார்?" என்றாள் ஹேசல்.

"இது உங்கள் ட்ரௌட் மாதிரி என்கிறார்."

கோரை அடர்ந்த மூலையில், தண்ணீருக்கு மேல் ஒரு பாய் அகலத்துக்குச் செம்பட்டையாக ஏதோ மினுங்கியது. மிளகாய்த்தூளைக் கொட்டியது போல இருந்தது. பாசி என்று நினைத்தேன். அதற்குப் பக்கத்தில், முயல்முடி வைத்த பெரிய பூச்சியைப் போட்டேன். பத்துக்கு மூன்றில் ஒன்று அது. அழகாக விழுந்தது. கயிற்றை ஓர் இழு இழுத்திருப்பேன், தண்ணீர் வெடித்தது.

ட்ரௌட் ஓடும், குதிக்கும், ஒரு நாட்டியம் இருக்கும். இது இழுத்தது. கோரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிற ஆள் மாதிரி இழுத்தது. ராடு வட்டமாக வளைந்தது. ஹேசல் கத்துகிறாள், நான் கத்துகிறேன், மாடு குளிப்பாட்டியவர்கள் கத்துகிறார்கள். கடைசியில் வந்தது, என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். கறுத்து, வழவழவென்று, பாம்புத் தலையோடு.

அதற்கப்புறம் நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். கையை நனைத்துக்கொண்டேன், முள்ளைக் காயமில்லாமல் கழற்றினேன், பத்து எண்ணுவதற்குள் ஹேசல் படம் எடுத்தாள், உடனே தண்ணீருக்குள் இறக்கினேன். களைத்த ட்ரௌட்டை அப்படியே விட்டுவிடக் கூடாது. வயிற்றைத் தாங்கி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். செவுள் வழியே தண்ணீர் ஓடி மூச்சு திரும்பும்வரை. கண்மாயில் நீரோட்டம் ஏது? அதனால் தண்ணீருக்கடியில் மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினேன். விரால் தலையைத் தூக்கப் பார்த்தது. பாவம் தவிக்கிறது என்று இன்னும் பிரியமாக அமுக்கிப் பிடித்தேன். "அவசரப்படாதே, நேரம் கொடு," என்றாள் ஹேசல். நேரம் கொடுத்தேன்.

"என்ன செய்யிறீக?" கரையிலிருந்து மதினி. "தலைய எதுக்கு அமுக்குறீக?"

"மூச்சு விட வைக்கிறேன் மதினி."

"மூச்சு விட வைக்கிறீகளா, கொல்றீகளா? விரால் மேல வந்து காத்துக் குடிக்கிற சாதி! கைய எடுங்க! எடுங்கங்கிறேன்ல!"

சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே பாய்ந்து வந்து என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தார். கையை எடுத்தேன். விரால் புரண்டது. வெள்ளை வயிறு மேலே வந்தது. அந்த வெள்ளையை என்னால் மறக்க முடியாது. மதினி அதைத் திருப்பி, தாடைக்கடியில் இரண்டு விரலைக் கொடுத்து வாயை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "என்ன, என்ன?" என்று ஹேசல் கேட்டுக்கொண்டே இருந்தாள். "மேலே... காற்று... இதற்குக் காற்று வேண்டும்," என்று உளறினேன். அவள் முகம் வெளுத்துப்போனது. நான் அமுக்கியபோது பக்கத்தில் நின்று நேரம் கொடு என்றவள் அவள்.

மதினியின் உதடு அசைந்தது. கும்பிடுகிறாரா திட்டுகிறாரா தெரியவில்லை. விரல் மட்டும் அசையவில்லை.

விரால் வாயைத் திறந்தது. பொத்தென்று ஒரு வாய்க் காற்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. ஐந்தாறு வாய்க்கு அப்புறம் வால் அசைந்தது. பிறகு மதினியின் விரலில் ஒன்றுமில்லை, கலங்கல் மட்டும் இருந்தது.

ஹேசல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மதினிக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. கோரை மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாசி என்று நினைத்த செம்பட்டை சிதறிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து ஜிலேபிகள் துள்ளின, மேலேயிருந்து ஒரு நீர்க்காகம் முங்கியது. மதினி சேற்றை உருட்டி உருட்டி எறிய ஆரம்பித்தார்.

"குஞ்சுக! விரால் குஞ்சுக! இதுகளுக்குக் காவலுக்கு நின்னுருக்கு அது. கோட மழை ஒண்ணு பேஞ்சுச்சுல்ல, அதுல பொரிச்சிருக்கு. நீங்க போட்ட பூச்சியத் திங்கவா வந்துச்சு? எவனோ எம் புள்ளைககிட்ட வாரான்னு கடிச்சிருக்கு."

இதை மொழிபெயர்க்க எனக்கு நெடுநேரம் ஆனது. ட்ரௌட் ஆற்றின் சரளைக் கல்லில் குழி பறித்து முட்டையிடும். அந்த இடத்தில் தூண்டில் போடுவது கிடக்கட்டும், கால் வைத்தாலே ஹேசல் ஊரில் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அவள் தன் பூட்ஸைப் பார்த்தாள். "பாசிக்காக இதை மூன்று முறை கழுவினேன்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "மீனு சாகலைல? அம்புட்டுத்தான். வாயப் பொத்திக்கிட்டு இருங்க எல்லாரும்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. செத்து மிதந்தால் என்பதுதானே பேச்சு? மதினி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? ஒந் தங்கச்சிகள வரச் சொல்லிட்டு?"

"பின்னால ஒருத்தன் சொல்லி, எந் தங்கச்சி மாப்பிள்ளை முன்னாடி கேக்கவா? மாடு குளிப்பாட்டுன அத்தனை பேரும் பாத்தாகல்ல."

டீக்கடையில் மறுபடி அம்பலம். மதினியே எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் விடாமல். நான் அமுக்கியதையும் சொன்னார். கடையில் குழப்பம். குஞ்சு மீன் கணக்கா இல்லையா? எடுத்தது இவர்களா, ஜிலேபியா? "நீர்க்காக்கா வீட்டத்தான் கரையில நிறுத்தணும்," என்றார் டீ ஆற்றியவர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மதினி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அம்பலம் கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார். "காவல்காரன நீங்க எடுத்தீக. அப்ப காவலு நீங்கதான். ஊருக்குப் போற வரைக்கும் ரெண்டு பேரும் கோரை மூலையில நில்லுங்க. போன பெறகு மாரிமுத்து. மிச்சக் குஞ்சு தப்புச்சுன்னா ராசாத்தி எறங்கட்டும்."

ஐந்து நாள் நின்றோம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை. ஹேசல் தகர டப்பாவைத் தட்டினாள், நான் துண்டை வீசினேன். மூக்கும் கழுத்தும் உரிந்து அவள் செங்கல் நிறமானாள். மதினி தூக்குச்சட்டியில் பழைய சோறும் சுண்டவத்தலும் கொடுத்தனுப்பினார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று கேட்டார்கள். "ஏரோப்ளேன் ஏறி வந்து காக்கா வெரட்டுறீகளாக்கும்?" ஆமாம் என்றோம். வேறு என்ன சொல்வது? நடுவில் ஒரு திங்கட்கிழமை சிவகங்கை போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வந்தேன். அதற்காகத்தான் வந்தேன் என்பதே மறந்திருந்தது.

பாய் அகலம் இருந்த செம்பட்டை சுருங்கிச் சுளகு அகலமாகிவிட்டது. ஆனால் இரண்டாம் நாள் அதன் நடுவில் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. காற்றுக் குடிக்கிற சத்தம். அதே விராலா, அதன் ஜோடியா, தெரியாது. நாலாம் நாள் அது வந்து ஹேசலின் பூட்ஸை முட்டிவிட்டுப் போனது. வலித்திருக்காது. அவள்தான் வெகுநேரம் அப்படியே நின்றாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் ராடைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை.

அழியன்றைக்கு நாங்கள் நியூசிலாந்து திரும்பியிருந்தோம். ஹேசல் வேலைக்குப் போகாமல் என் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊரில் மத்தியானம், எங்களுக்கு இருட்டியபோது, மதினி வீடியோவில் வந்தார். முகமெல்லாம் சேறு. பின்னால் தங்கைகள், மாப்பிள்ளைகள், ஒரே இரைச்சல்.

"எறங்கிட்டீகளா மதினி?"

"எறங்காம? அம்பலமே ராசாத்தி எறங்கட்டும்னு சத்தம் போட்டாரு. கேட்டீகளா கொழுந்தனாரே, எங் கடைசித் தங்கச்சி மாப்பிள்ளை புடிச்சதுதான் இந்தத் தடவ பெரிய மீனு!"

சட்டியைத் திறந்து போனைக் கிட்டே கொண்டுபோனார். கறுப்புத் தோலோடு கனத்த துண்டங்கள், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"விராலா மதினி?"

"விரால்தேன்."

"கோரை மூலையிலயா புடிச்சாக?"

"அங்குட்டும் போனாக, இங்குட்டும் போனாக. யாரு பாத்தா? குஞ்சுகளக் கேட்டீகன்னா, அதுக பெருசாகி நாலாப் பக்கமும் ஓடிருச்சுக, ஊத்தாவுல அம்புடாது."

"இல்ல மதினி, இது... நம்ம விராலா?"

மதினி கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நம்ம கண்மாய் விரால்தேன். பின்ன, அடுத்த ஊரு விராலா?" பிறகு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "நல்லாருக்கு," என்றார். யாரோ கூப்பிட்டார்கள், போன் கூரையைக் காட்டியது, அணைந்தது.

ஹேசல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மொழிபெயர்ப்புக்காக.

"ரொம்ப ருசியாக இருக்கிறதாம்," என்றேன்.

"எது?"

"தெரியவில்லை," என்றேன்.